கனமூலையில் நடுச்சரணம்

2016 ஆகஸ்ட் 3, புதன்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். முந்தல் கடைவீதியை நெருங்கும்போது எங்கள் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. என் பயணம் அப்போதுதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் நடந்தவை ஒரு விமானமும் சில வரிசைகளும் மட்டுமே.

பஸ்ஸில் பாதிப்பேர் தலவில தேவாலயத்து அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்கள். பாய்கள், அலுமினியப் பானைகள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கயிற்றால் கட்டிய விறகு என்று ஒரு வாரக் குடித்தனம் நடைபாதையில் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய் தன் மகளிடம் சிங்களத்தில், அன்னம்மாளிடம் என்ன கேட்கப்போகிறாய் என்று கேட்டாள். திரும்பி வரும்போது யன்னலோர இருக்கை வேண்டும் என்றது பிள்ளை. "அதைக் கொண்டக்டரிடம் கேள், அன்னம்மாளுக்கு வேறு வேலை இருக்கிறது" என்றாள் தாய்.

ஜேர்மனியில் ரயில் நின்றால் ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்கும். பயணிகள் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். முந்தலில் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, எல்லோரும் பேசினார்கள். சக்கரம் எந்த ஊரிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டு வந்தது என்பதில் மூன்று கட்சிகள் உருவாகின. நான் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் போய்ப் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் கேட்டேன். கடைக்காரர் முதலில் சிங்களத்தில் பேசினார். நான் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில் "யாழ்ப்பாணமா?" என்றார். ஓம் என்றேன். சம்பலில் உறைப்பைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்தார்.

நான் ஜேர்மனியில் இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். என் ஆய்வு, அந்த நாட்டின் கலைப்பாடலும் அது எடுத்துக்கொண்ட கவிதைகளும் பற்றியது. ஒரு குரல், ஒரு பியானோ, ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கவிதை: அந்தப் பாடல்வகைக்கு வேண்டியவை இவ்வளவுதான். சென்ற ஆண்டு, புத்தளத்திலிருந்து வரும் ஒரு சிறுசஞ்சிகையில் ராஹிலா என்பவரின் கவிதையொன்றைப் படித்து, அவருக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று, ஜேர்மன் மொழியில் பெயர்த்தேன். யூலியா என்ற இசையமைப்பாளர் அதைப் பாடலாக்கினார். ஒக்ரோபரில் ஒரு சிறிய மண்டபத்தில் அது பாடப்படவிருந்தது. கவிஞர் உயிரோடிருந்தால், இசையைக் கேட்டபின் அவர் கையெழுத்திடாமல் மேடையேற்றுவதில்லை என்பது யூலியாவின் விதி. என் ஆய்வின் கடைசி அத்தியாயமும் அந்தப் பாடலைப் பற்றியதே. கையெழுத்துக்கான தாள் என் பையில் இருந்தது.

ராஹிலா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்த முஸ்லிம்கள் அனைவரும் தமிழ் ஆயுத இயக்கத்தால் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது பதினாறு. நான் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே யாழ்ப்பாணத்தில். அவர் இப்போது முந்தலுக்கு அருகே கனமூலையில் மணம் முடித்து, தையல் தைத்து வாழ்கிறார். போர் முடிந்தபின் தன் பழைய வீட்டைப் பார்க்கப் போனதைத்தான் அவர் கவிதையாக எழுதியிருந்தார்.

என்னை அழைத்துப்போக அவருடைய கணவர் மன்சூர் முச்சக்கரவண்டியில் வந்தார். சக்கரம் கழற்றப்பட்ட பஸ்ஸைச் சுற்றிவந்துவிட்டுக் கடைசியில் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சிதானா ஜேர்மன் ஆள்? நான் வெள்ளைக்காரி ஒண்டத் தேடிட்டு ரெண்டு தரம் பஸ்ஸச் சுத்தினேன்."

மன்னிக்கவேண்டும் என்றேன். பரவாயில்லை, வெள்ளைக்காரி என்றால் தானும் ஆங்கிலம் பேசவேண்டியிருக்கும் என்றார்.

வழியெல்லாம் தென்னந்தோட்டங்கள், அவற்றின் இடைவெளிகளில் இறால் குளங்கள். சில குளங்களில் காற்றூட்டும் சக்கரங்கள் சுழன்றன. சில வறண்டு வெடித்துக் கிடந்தன. காற்றில் உப்பு இருந்தது. எங்கள் யாழ்ப்பாணக் கடனீரேரியின் மணம் இதைவிடச் சற்றுச் சேறானது. அண்ணாவை அங்கே 'நானா' என்பார்கள்; மன்சூர் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். இங்கே இத்தனை வருடம் இருந்தும் 'ஊரில்' என்று அவர் கதையைத் தொடங்கினால் அது யாழ்ப்பாணம்தானாம். "கனமூலை ஊரில்லையாம் தங்கச்சி, இடமாம். நான் பொறந்தது ஒரு இடத்துல. எப்பிடி ஈக்கி?" 'இருக்கு' என்பது அவர் பேச்சில் 'ஈக்கி'.

ராஹிலா கண்ணாடி அணிந்த, ஒடுங்கிய முகமுள்ள பெண். தோளில் அளவுநாடா தொங்கியது. முன்னறையில் தையல் இயந்திரமும், வெட்டிய வெள்ளைத் துணிகள் அடுக்கிய மேசையும், இரண்டு கதிரைகளும் இருந்தன. ஒன்றில் என்னை இருக்கச் சொன்னார். பயணத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. பாட்டு எவ்வளவு நேரம் என்று கேட்டார். நான்கு நிமிடம் என்றேன்.

"நாலு நிமிஷத்துக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றவர், அப்படியானால் பாட்டு ஓடிப்போகாது, முதலில் சாப்பிடுவோம் என்று எழுந்தார்.

சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் சேர்த்த இறால், பயிற்றங்காய், அப்பளம். இறாலை நான் எடுத்துவைத்த விதத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். இது இந்தப் பக்கத்தாரின் முறை, முருங்கைக்காய் போடமாட்டார்கள் என்று ராஹிலா தாழ்ந்த குரலில் சொன்னார். எங்கள் வீட்டிலும் முருங்கைக்காய் போடுவோம் என்றேன். மன்சூர் நானா சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, யாழ்ப்பாணத்தார் இருவர் சேர்ந்தால் கறியில் குறை கண்டுபிடிப்பார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார்.

சாப்பாட்டுக்குப் பின் ராஹிலா தைக்கத் தொடங்கினார். இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு மேலாக, அந்தப் பாடல்வகை எப்படி வளர்ந்தது என்று கேட்டார். நான் ஆய்வேட்டில் எழுதிய ஒழுங்கிலேயே சொன்னேன். தொடக்கத்தில் எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டுத்தான். கவிதை தெளிவாகக் கேட்டால் போதும், இசை அடங்கி நிற்கவேண்டும் என்று கவிஞர்கள் விரும்பினார்கள். நாட்டுப்பாடல்களைத் திரட்டி அச்சிட்டவர்கள் அந்த எளிமைக்கு மதிப்பை உண்டாக்கினார்கள். நகரத்து நடுத்தர வீடுகளுக்குள் பியானோ வந்தது. வீட்டுக்கூடத்தில் நண்பர்கள் கூடிப் பாடினார்கள். பின்னர் இசையமைப்பாளர்கள் பொருளைத் தொடர்ந்து போய்ச் சரணத்துக்குச் சரணம் மெட்டை மாற்றினார்கள். பியானோ துணைக்கருவியாக இல்லாமல், கவிதை சொல்லாததைச் சொல்லும் இன்னொரு குரலாயிற்று. தனிப்பாடல்களைக் கோத்து ஒரு கதைபோல ஆக்கினார்கள். சிறிய கவிஞர்கள் பலர் இன்று நினைக்கப்படுவதே அந்தப் பாடல்களால்தான்.

"அந்தக் கவிஞர்மாரை ஆரும் கேட்டவையோ?"

பெரும்பாலும் இல்லை என்றேன். வரியைத் திரும்பப் பாடுவார்கள், சொல்லை மாற்றுவார்கள், சரணத்தை விடுவார்கள். சிலவேளை கவிஞர் இறந்திருப்பார், சிலவேளை இருப்பார்.

"நான் இருக்கிறன். அதால நீங்கள் பஸ் ஏறி வந்திருக்கிறியள்" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தார்.

பிற்பகலின் அஸர் தொழுகையும் மீதித் தையலும் முடித்து, பொழுது சாயும் வேளையில் துணிகளை ஒதுக்கி மடிக்கணினிக்கு இடம் செய்தார். ஒத்திகையில் பதிவுசெய்த பாடலைப் போட்டேன். மொழிபெயர்ப்பில் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதை நான் அப்படியே விட்டிருந்தேன். பாடகியும் அதைச் சரியாகவே உச்சரித்திருந்தார். ராஹிலா கண்களை மூடவில்லை. இயந்திரத்தின் சக்கரத்தில் கைவைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மன்சூர் நானா வாசலில் நின்றார். பியானோ ஓய்ந்தபோது அவர் இரண்டு விரல்களை நீட்டி வைத்திருந்தார்.

"ரெண்டு சலாம்தானே வந்திச்சு. மத்தது எங்க?"

நான் பாடலை மறுபடி தொடக்கத்துக்கு நகர்த்தினேன்.

"மூணு தரம் சொல்லோணும் தங்கச்சி. மூணுக்கும் சத்தமில்லாட்டித்தான் திரும்பிப் போறது. உள்ளுக்கு ஆள் தொழுதுட்டு ஈப்பாங்க, சாப்பிட்டுட்டு ஈப்பாங்க. ஒங்கட ஜேர்மன்காரர் சரியான அவசரக்காரர்."

வீட்டு வாசலில் அனுமதி கேட்பதற்கு அப்படியொரு முறை இருப்பது எனக்குத் தெரியாது. கவிதையில் மூன்று சரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சலாமுடன் தொடங்கியது. நான் அதைச் செய்யுள் உத்தி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பாடலில் முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே இருந்தன.

ராஹிலா நடுச்சரணம் எங்கே என்று கேட்டார். இந்த மரபில் சரணங்களைக் குறைப்பது வழக்கம் என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. அவர் தலையசைத்தார். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது, மடிக்கணினியை மூடினேன். அன்று மாலை அவர் அதைப்பற்றி மேலும் பேசவில்லை. தாள் பையிலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை, இடியப்பத்துக்கும் மாசிச் சம்பலுக்கும் பிறகு, மன்சூர் நானா வண்டி கழுவப் போயிருந்த நேரத்தில், நடந்ததை ராஹிலாவிடம் சொன்னேன். நடுச்சரணத்தை யூலியா வெட்டவில்லை. அவர் அதைப் பார்த்ததே இல்லை. நான் அதை மொழிபெயர்க்காமல், ஓரத்தில் 'ஏறக்குறைய முதற்சரணமே' என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன்.

அவர் அலுமாரியைத் திறந்து சஞ்சிகையை எடுத்து என் கையில் தந்தார். வாசிக்கச் சொன்னார். முதற்சரணத்தில், சலாம் சொன்ன பிறகு முற்றத்தில் ஒரு மாவிலை விழும் ஓசை கேட்கிறது, யாரும் வரவில்லை. நடுச்சரணம் இது:

அஸ்ஸலாமு அலைக்கும் என்றேன்.
உள்ளே
சட்டியில் தட்டிய அகப்பையின் ஓசை நின்றது.
யாரும் வரவில்லை.

"அகப்பை நிண்டா என்ன விளங்குது?"

"யாருக்கோ கேட்டுவிட்டது."

"ஓம். கேட்டது. வரேல்லை." சஞ்சிகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இதை எடுத்துவிட்டா வீட்டில ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டில இருந்து திரும்பி வந்ததுக்கு நான் ஏன் ஒரு கவிதை எழுதோணும்?"

ஜேர்மன் பாடல்களில் ஓர் அலைபவன் வருவான். மூடிய கதவுகளுக்கு முன்னால் நிற்பான். இலை விழும், காற்று வீசும், அவன் நடப்பான். நான்கு ஆண்டுகளாக நான் அவனோடுதான் படித்துக்கொண்டிருந்தேன். மாவிலையைக் கண்டதும் இங்கேயும் அவனே நிற்கிறான் என்று முடிவுசெய்துவிட்டேன். இலையோசையும் அகப்பையோசையும் எனக்கு ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஓசைகளாகப் பட்டன. ஆனால் அலைபவனுக்கு முகவரி கிடையாது. ராஹிலாவுக்கு வீட்டிலக்கத்தோடு ஒன்று இருந்தது.

ராஹிலா சஞ்சிகையை அலுமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்கட நானா, என்ர கூடப்பிறந்தவர், இண்டைக்கும் கேக்கிறார், நீ வாசல்ல சரியாக் கூப்பிட்டனியோ எண்டு. வீட்டைச் சும்மா விட்டிட்டு வந்திட்டாளாம். நான் மூண்டும் சொன்னனான் தங்கச்சி. சொல்லிப்போட்டுத்தான் திரும்பினனான். அங்க பாட்டில ரெண்டோட திரும்பினா, நானா சொன்னது சரி எண்டாகிடும்."

அப்படியானால் கையெழுத்து வேண்டாம், நான் பாடலை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லவில்லை, மூன்றையும் பாடச் சொல்கிறேன் என்றார்.

கனமூலையில் என் கைத்தொலைபேசிக்கு இணையம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மன்சூர் நானா என்னை மீண்டும் முந்தலுக்கு ஏற்றிப்போனார். நடுச்சரணத்தை நான் விட்ட விதத்தையும், மூன்று சலாமின் முறையையும், அகப்பை நிற்பதன் பொருளையும் யூலியாவுக்கு எழுதினேன். அங்கே அப்போது விடியற்காலை, காத்திருக்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் பாண் சாப்பிட்ட கடையிலேயே வெறுந்தேநீர் குடித்தபடி அமர்ந்தேன். பக்கத்து மேசையில் இறால் பண்ணைக் காவலர் ஒருவர், மைத்துனரின் திருமணத்துக்குப் போகாததற்குச் சொல்லவேண்டிய காரணங்களை நண்பரிடம் சிங்களத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்றால் பார்க்க வந்துவிடுவார்கள் என்றார் நண்பர். பண்ணையில் இறாலுக்கு நோய் என்று சொல்லலாம், அதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். இருவரும் நீண்ட நேரம் சிரித்தார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. யூலியா கோபப்படவில்லை, அவருக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. முதல் வரைவில் தான் எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டுத்தான் போட்டிருந்ததாகவும், இப்போது அதற்குத் திரும்பலாம் என்றும் எழுதியிருந்தார். நடுச்சரணம் வெள்ளிக்கிழமைக்குள் ஜேர்மன் மொழியில் அவருக்குக் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் பாடலை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார். கடிதம் இப்படி முடிந்தது:

"அகப்பை நின்ற பிறகு வரும் இடைவெளியைக் குரல் பாட முடியாது. அதைப் பியானோதான் வாசிக்கவேண்டும். யாருடைய மௌனம் என்று தெரியாமல் என்னால் அதை எழுத முடியாது. உள்ளே இருப்பவர் யார்?"

அது நியாயமான கேள்வி. அந்த மரபில் பாடகர்களுக்கு முதலில் கற்பிப்பது இதுதான்: பேசுவது யார், கேட்பது யார். வண்டியில் திரும்பும்போது கடிதத்தை மன்சூர் நானாவுக்குத் தமிழில் சொன்னேன். அகப்பை நின்றதற்கு ஒரு ஆள் தனியாக இசை எழுதுவது நல்ல தொழில் என்றார்.

ராஹிலா பள்ளிச்சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது."

பெண்ணா, ஆணா என்றாவது தெரியுமா என்று கேட்டேன்.

"அகப்பைச் சத்தத்தில அது தெரியுமோ தங்கச்சி?"

"நம்மட வூட்டுல எண்டா நான்" என்றார் வாசலிலிருந்து மன்சூர் நானா.

ராஹிலா அவரைக் கவனிக்கவில்லை. "எட்டிப் பார்க்கக் கூடாது. கதவுக்கு நேர நிக்கவும் கூடாது, ஒரு பக்கமாத்தான் நிக்கோணும். நான் அப்பிடித்தான் நிண்டனான். என்ர சொந்த வீட்டு வாசல்ல." ஊசியில் நூலைக் கோத்தார். "நீங்கள் யாழ்ப்பாணத்தில எவ்விடம்?"

எங்கள் ஊரைச் சொன்னேன். தன் வீட்டுக்குக் கிட்டத்தான் என்றார். அடுத்த பொத்தானை எடுத்துவைத்தார்.

பிற்பகல் முழுவதும் அந்த நான்கு வரிகளோடு இருந்தேன். ஒரே மெட்டு என்றால் முதற்சரணத்தின் அசைகளுக்குள் இது அடங்கவேண்டும். மாவிலைக்கு ஒன்பது அசைகள் போதுமாயிருந்தன; அகப்பைக்குப் பதினொன்று வந்தது. இரண்டைக் குறைக்க நான்கு முறை எழுதியும் முடியவில்லை. நான்காவதை எழுதியதும், ஜேர்மன் வரிகளைச் சொல்லுக்குச் சொல் தமிழில் திருப்பிச் சொல்லும்படி ராஹிலா கேட்டார். அகப்பையின் ஓசை மெல்ல நின்றது என்றேன்.

"மெல்ல எண்டு நான் எழுதேல்லையே. டக்கெண்டு நிண்டது."

அந்தச் சொல்லை எடுத்தேன். அசைகள் சரியாகிவிட்டன.

பின்னர் அவர் தாளைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துக்கான கோட்டுக்கு மேலே, 'மூன்று சரணங்களும் பாடப்பட்டால் மட்டும்' என்று தன் கையால் எழுதி, அதன் கீழ் ஒப்பமிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு அன்று இறாலில் முருங்கைக்காய் இருந்தது. மன்சூர் நானா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, இடத்துக்குள் ஊர் வந்துவிட்டது என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ஆறரைக்கு, முந்தலில் கொழும்பு பஸ்ஸுக்காக நின்றேன். எதிர்த்திசையில் தலவிலக்குப் போகும் பஸ்கள் நிறைந்து போயின. கைத்தொலைபேசியில் நான்கு வரிகளையும் இட்டு, இருமுறை சரிபார்த்தேன். பிறகு யூலியாவின் கேள்விக்குப் பதில் எழுதவேண்டியிருந்தது. முதலில், தெரியாது என்று எழுதினேன். அது ராஹிலாவின் பதில். எட்டிப் பார்க்காமல் நின்றவர் அவர்; அவர் அப்படிச் சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல முடியாது; அதை அழித்தேன். 'என் ஊர்க்காரர் ஒருவர்' என்று எழுதி அனுப்பினேன்.